பெயர் வேறு, கணக்கு வேறு, கையொப்பம் வேறு!



கணினிப் படிவமொன்றில் தமிழ்ப்பள்ளி மாணவியின் பெயரை ஏற்ற முனைகிறோம். 'முதற்பெயர்' என்று ஒரு பெட்டி. 'குடும்பப் பெயர்' என்று இன்னொரு பெட்டி. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத பிள்ளைக்கு அந்த இரண்டாம் பெட்டியில் தந்தையின் பெயரை இடுகிறோம். நடுவில் நிற்கும் 'ஏ/பி' எங்கே போவது? முதற்பெட்டியின் வாலிலா, இரண்டாம் பெட்டியின் தலையிலா? சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டைக் கண்டதுமே சிவப்பு எழுத்தில் சினந்து கொள்கின்றன. கோட்டை நீக்கிவிடுகிறோம். 'ஏபி' என்ற பொருளற்ற சொல்லொன்று அவள் பெயரில் ஒட்டிக் கொள்கிறது. அடுத்த நொடியே, "வருக, முருகன்!" என்று அவளைத் திரை வரவேற்கிறது!

"இது என்ன பெரிய செய்தி? பெட்டிக்குள் அடங்குமாறு எழுதிவிட்டால் வேலை முடிந்தது" என்பார் நம்மிடையே பலர். அவர்களுக்கு மறுப்பாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பெட்டிக்காகப் பெயரை வெட்டக் கூடாது. பெயருக்காகப் பெட்டியை மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்ற முடியும் என்பதற்கு நிரலாளர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட கருவிகளே சான்று. தங்கள் பெயருக்குக் காட்டிய அந்தக் கவனத்தை நம் பிள்ளைகளின் பெயருக்கும் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

1. கிராணியார் எழுதிய பெயர்கள்

நம் பெயர்கள் பிறர் கையில் சிதைவது கணினியோடு தொடங்கிய கதை அன்று. தோட்டத்துச் செக்ரோலில் கிராணியார் தம் செவிக்கு எட்டியபடி எழுதியதே பல குடும்பங்களுக்குப் பெயராயிற்று. ஒரே தந்தையின் பெயர் அண்ணனின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் தங்கையின் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருப்பதை இன்றும் தோட்டப்புறக் குடும்பங்களில் காணலாம். ஆங்கிலேயர் காலத்து 'எஸ்/ஓ', 'டி/ஓ' பின்னர் மலாயில் 'ஏ/எல்', 'ஏ/பி' ஆயின. அனாக் லெலாகி, அனாக் பெரெம்புவான். அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள். அது பெயரின் பகுதியன்று. உறவைச் சொல்லும் குறிப்பு. அந்தக் குறிப்பை மதிக்காமல் அதற்குப் பின்வருவதைக் குடும்பப் பெயர் என்று கொள்வது இன்றைய கிராணியார் செய்யும் பிழை. அன்றைய கிராணியாரிடம் சொல்லித் திருத்த நம் முன்னோருக்கு வாய்ப்பில்லை. இன்று நமக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் வாய் திறக்கிறோமா?

2. "யார் செய்தது?" என்று கேட்டவர்கள்

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் என்று ஒன்று உண்டு. பலர் கூடி ஒரு நிரலை எழுதும்போது, எந்த வரியை எவர் எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கும் ஏடு அது. "யார் செய்தது?" என்ற வினா அதன் உயிர்நாடி. ஆகவே ஒரு மனிதரை எவ்வாறு குறிப்பது என்று மற்றெவரையும் விட அத்துறையினரே ஆழமாக எண்ண வேண்டியிருந்தது.

சி.வி.எஸ்., சப்வெர்ஷன் போன்ற பழைய மென்பொருள்களில் ஒரு மாற்றத்தின் உரிமையாளர் என்பது வெறும் நுழைவுப்பெயர் மட்டுமே. அந்தச் சிறுசொல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்பது ஏட்டில் இராது. 2005-இல் லினஸ் தோர்வால்ட்ஸ் 'கிட்' என்னும் மென்பொருளை உருவாக்கியபோது இம்முறை மாறியது. கிட்டில் கணக்கு என்பதே இல்லை! ஒவ்வொரு மாற்றத்தின் மீதும் ஒரு கையொப்பம் மட்டுமே இடப்படும். பெயர், மின்னஞ்சல், நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்கையொப்பம். கிட்டைப் பிற நிரல்கள் கையாள்வதற்காக எழுதப்பட்ட 'லிப்கிட்2' என்னும் நிரலகமும் இம்மூன்றையே 'சிக்னேச்சர்' என்ற ஒரே கட்டமைப்பாக வைத்திருக்கிறது. சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறியவர்கள், ஒவ்வொரு நுழைவுப்பெயருக்கும் எதிரே அதற்குரியவரின் முழுப்பெயரையும் மின்னஞ்சலையும் எழுதிய பட்டியலொன்றை அணியப்படுத்த வேண்டியிருந்தது. தொலைந்த பெயர்களை மீட்டெடுத்த பட்டியல் என்றே அதனைச் சொல்லலாம்.

கணக்கு எங்கே வருகிறது? கிட் ஏடுகளை இணையத்தில் வைத்துப் பகிரும் 'கிட்ஹப்' போன்ற சேவைகளில் வருகிறது. கிட்ஹப்போடு பிற நிரல்கள் உரையாடுவதற்கென்று 'ஆக்டோகிட்' என்னும் நிரலகங்கள் உள்ளன. அவற்றுள் டாட்நெட் சூழலுக்கான ஆக்டோகிட்டில் ஒரு கணக்கை எவ்வாறு வடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'அக்கவுண்ட்' என்ற ஒரு பொது வடிவம். அதிலிருந்து பிறந்த இரண்டு: 'யூசர்' என்னும் தனியாள், 'ஆர்கனைசேஷன்' என்னும் அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் 'ஐடி' என்ற எண் உண்டு; அதுவே மாறாத திறவுகோல். 'லாகின்' என்ற நுழைவுப்பெயர் உண்டு. அதை உரியவர் மாற்றிக் கொள்ளலாம். 'நேம்' என்ற ஒரே ஒரு பெயர்ப்பெட்டி உண்டு. முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற பிளவே இல்லை! அந்தப் பெட்டி வெறுமையாகவும் இருக்கலாம். மின்னஞ்சலை வெளிக்காட்ட விரும்பாதவரின் மின்னஞ்சற்பெட்டியும் வெறுமையாகவே வரும்.

இதில் அடங்கியிருக்கும் அறிவை உணர்கிறீர்களா? திறவுகோல் வேறு, அழைக்கும் பெயர் வேறு, செய்த வேலையின் மீது இடும் கையொப்பம் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் மனிதர் தொலைந்து போவார்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. மலாக்காவில் ஒரு சிம்பாங் அம்பாட் உண்டு. பினாங்கிலும் ஒன்று உண்டு. முகவரியில் அலோர் காஜா என்றும் 78000 என்றும் எழுதினால் அஞ்சல் பிழையின்றி எங்களிடம் வந்து சேரும். அதற்காக எங்கள் ஊரை 'எழுபத்தெட்டாயிரம்' என்று எவரும் அழைப்பதில்லை! எண் அஞ்சல்காரருக்கு, பெயர் ஊராருக்கு. இந்த எளிய பாகுபாடு ஒரு பிள்ளையின் பெயருக்கு மட்டும் ஏன் இல்லாமற் போகிறது?

3. சாய்கோட்டின் குற்றமா?

மாணவர் பெயரால் கோப்புறை அமைக்க முயன்ற ஆசிரியர் எவரும் இதனை அறிவர். 'ஏ/பி' என்று எழுதினால் விண்டோஸ் ஏற்காது. சாய்கோடு அதற்கு விலக்கப்பட்ட குறி. இணைய முகவரியிலும் சாய்கோடு ஒரு கோப்புறையிலிருந்து அடுத்ததைப் பிரிக்கும் எல்லைக்கோடு. எனவே நாம் என்ன செய்கிறோம்? கோட்டைத் தூக்கி எறிகிறோம். பிறகு அதே சிதைந்த பெயர் வருகைப் பட்டியலுக்கும் நற்சான்றிதழுக்கும் பரவுகிறது.

குற்றம் கோட்டினுடையதா? இல்லை. பெயரையே கோப்புறையின் திறவுகோலாக ஆக்கியது குற்றம். கிட் தன் கையொப்பத்தில் சாய்கோட்டைத் தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. மின்னஞ்சலைச் சூழும் கோணக் குறிகள் போன்ற சிலவற்றையே பெயரிலிருந்து நீக்குகிறது. ஏனெனில் அங்கே பெயர் பெயராகவே இருக்கிறது. வழிகாட்டிப் பலகை வேலையை அதன் தலையில் எவரும் ஏற்றவில்லை. கோப்புறைக்கு '5-17' என்று வரிசையெண் இடுங்கள். பெயரை உள்ளே முழுமையாக எழுதுங்கள். சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

4. தமிழெழுத்தில் எழுதினால்...

'கீர்த்தனா' என்ற பெயரில் எத்தனை எழுத்து? கீ, ர், த், த, னா: ஐந்து என்று முதலாம் ஆண்டு மாணவரும் சொல்வர். யூனிகோடு முறையில் அது 9 குறிகள். யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு வீதம் 27 பைட்டு. 'பெயருக்கு 20 பைட்டு போதும்' என்று எவரோ ஒருவர் தம் மொழியை மட்டும் எண்ணி முடிவு செய்திருந்தால் 'கீர்த்' என்பதோடு அவள் பெயர் அறுந்துவிடும். அதன்பின் ஓர் உடைந்த குறி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. 'கோகிலா' என்பதிலுள்ள 'கோ' என்ற எழுத்தை இருவிதமாகக் கணினியில் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு முறை. ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு முறை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் ஈடானவை என்று யூனிகோடு தரமும் வரையறுத்திருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரு வடிவுக்குச் சீராக்காமல் ஒப்பிடும் நிரலுக்கு இவர்கள் இரண்டு கோகிலாக்கள்! பெயரைத் திறவுகோலாக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

இவ்விடத்தில் நம் தமிழ்ப்பற்றாளர்களிடமும் ஒரு சொல். "நுழைவுப்பெயரையே தமிழில் வைக்க விடவேண்டும், இல்லையேல் அது மொழிக்கு இழுக்கு" என்று சிலர் போர்க்கொடி உயர்த்துவர். கிட்ஹப் நுழைவுப்பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் மட்டுமே, அதுவும் 39 குறிக்குள் அமைய வேண்டும் என்பது உண்மை. அதற்காக நான் வருந்தவில்லை. பூட்டின் சாவியில் தமிழ் இல்லையே என்று அழுதுவிட்டு, வீட்டு வாசலில் பெயரைப் பிறமொழியில் பிழைபட எழுதி வைப்பதால் என்ன பயன்? 'நேம்' என்னும் பெட்டி தமிழை ஏற்கிறது. கிட்டின் கையொப்பம் தமிழை ஏற்கிறது. ஏற்கும் இடத்தில் நாமே எழுதுவதில்லை! பற்றைக் காட்ட வேண்டிய இடம் அது.

5. "வகுப்புக்கு ஒரே கணக்கு போதுமே!"

பள்ளிகளில் நான் காணும் பெரும்பிழை இது. முப்பது பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கு தொல்லை என்று, ஆசிரியரின் கணக்கையோ 'ஐந்தாம் ஆண்டு' என்ற பொதுக் கணக்கையோ திறந்து, கடவுச்சொல்லை வெண்பலகையில் எழுதி விடுகிறோம். வேலை விரைவாக நடக்கிறது. ஆனால் பிள்ளைகள் செய்த நிரல், வரைந்த படம், எழுதிய கட்டுரை அனைத்தும் ஆசிரியர் பெயரில் நிற்கின்றன. ஆசிரியர் மாற்றலாகிப் போனால் கணக்கும் அவரோடு போகிறது. பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்கையில், "இதை நான் செய்தேன்" என்று காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. ஒருவன் மற்றவனின் வேலையை அழித்துவிட்டால் அழித்தவன் யார் என்றும் தெரியாது. பிறர் உழைப்பைத் தன்னுடையதெனக் காட்டாதே என்று நன்னெறிப் பாடத்தில் கற்பிக்கும் நாமே இதனைச் செய்யலாமா?

ஆக்டோகிட் தனியாளையும் அமைப்பையும் ஏன் பிரித்தது என்பது இப்போது விளங்கும். கிட்ஹப்பில் அமைப்புக் கணக்கிற்குள் எவரும் நேரடியாக நுழைய முடியாது. அவரவர் தம் கணக்கில் நுழைந்து, அமைப்பின் உறுப்பினராக நின்று பணியாற்றுவர். உறுப்பினர் விலகினாலும் அமைப்பின் ஏடுகள் அமைப்பிடமே இருக்கும். ஒரு நுழைவுப்பெயரைப் பலர் பகிரக் கூடாது என்பதும் அச்சேவையின் விதி. பள்ளி என்பது அமைப்பு. மாணவர் என்பவர் தனியாள். ஒருவரை மற்றவருக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

"பிள்ளைகள் சிறியவர்கள், நாங்கள்தாம் பதிவேற்ற வேண்டியிருக்கிறது" என்பீர்கள். ஞாயமே. கிட்ஹப் கணக்கு வைத்திருக்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஆனால் கிட்டுக்குக் கணக்கு தேவையில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? பள்ளிக் கணினியில் 'யூசர்.நேம்' என்ற அமைப்பில் மாணவியின் பெயரைத் தமிழில் இட்டால் போதும். அவள் வேலையின் மீது அவள் பெயர் பொறிக்கப்படும். மேலும், கிட் ஒவ்வொரு மாற்றத்திலும் இருவரைக் குறிக்கிறது: 'ஆத்தர்' என்னும் ஆக்கியவர், 'கமிட்டர்' என்னும் பதிந்தவர். ஆசிரியரே பதிந்தாலும் ஆக்கியவர் மாணவி என்று எழுத அங்கே இடமுண்டு. இருவர் சேர்ந்து செய்திருந்தால் இணையாசிரியராகக் குறிக்கும் வழியைக் கிட்ஹப் 2018 முதல் ஏற்கிறது. கருவி இடம் தருகிறது, நாம்தாம் தருவதில்லை!

கையொப்பத்தைப் பிழையின்றி இடுவதில் தொடக்கத்திலேயே கவனம் தேவை. கிட் ஒவ்வொரு மாற்றத்திற்கும் தரும் அடையாள எண், அந்தப் பெயரையும் சேர்த்தே கணக்கிடப்படுவது. பின்னாளில் பெயரைத் திருத்த வேண்டுமானால் ஏட்டையே புதிதாக எழுத வேண்டும், அன்றேல் '.மெயில்மேப்' என்ற கோப்பில், "இப்பெயரில் இருப்பவர் உண்மையில் இவரே" என்று குறித்துவைக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் நேர்ந்த எழுத்துப்பிழையைத் திருத்தத் தேசியப் பதிவுத் துறைக்கு அலைந்த பெற்றோர்க்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

6. அடையாள அட்டை எண் பொதுச்சாவி அன்று

"அப்படியானால் அடையாள அட்டை எண்ணையே நுழைவுப்பெயராக வைத்துவிடலாமே! அது மாறாதது, ஒருவருக்கு ஒன்றுதான்" என்று ஒரு சாரார் கூறுவர். இது முன்னதை விடக் கொடிய யோசனை. நம் 12 இலக்க எண் ஊமை எண் அன்று. முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், மலாக்கா என்றால் 04. இறுதி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அதனை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவது பிள்ளையின் வாழ்க்கைக் குறிப்பைச் சந்தையில் விரிப்பதற்கு ஒப்பாகும். 2017-இல் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களோடு தொடர்புடைய விவரங்கள் கசிந்த செய்தி நம் நாட்டையே உலுக்கியது. அவற்றுள் அடையாள அட்டை எண்களும் இருந்தன. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக் கொள்ளலாம். பிறந்த நாளை மாற்ற முடியுமா?

நல்ல திறவுகோல் ஊமையாக இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்தவருக்கு ஆளைப் பற்றி எதுவும் தெரியக் கூடாது. கிட்ஹப்பின் 'ஐடி' அத்தகையது. நம் கல்வி அமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா தளத்தின் கணக்குகளும் இவ்வகையில் பாராட்டத்தக்கவை. மாணவர்க்கு 'எம்-', ஆசிரியர்க்கு 'ஜி-' என்று தொடங்கிப் பின் எண்கள் வரும். பெயரும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. நல்லதை நல்லதென்று சொல்வோம். அமைச்சுக்குத் தெரிந்த இந்த முறை, போட்டி நடத்தும் அமைப்புகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் தெரியாமற் போவதேன்?

7. இனிச் செய்ய வேண்டியவை

பேட்ரிக் மெக்கென்சி என்னும் நிரலாளர் 2010-இல், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் கொண்டிருக்கும் 40 தவறான நம்பிக்கைகளைப் பட்டியலிட்டார். அத்துறையில் அது பரவலாக அறியப்பட்ட பட்டியல். எனவே "தெரியாமல் செய்துவிட்டோம்" என்று இன்று எவரும் சொல்லித் தப்ப முடியாது. அறிந்தும் செய்யாதவரைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆசிரியர்களே! பெயரைக் கோப்புறைக்கும் நுழைவுப்பெயருக்கும் திறவுகோலாக்காதீர்கள், வரிசையெண்ணை ஆக்குங்கள். பெயர்ப்பெட்டி ஒன்றே ஒன்றாயின் முழுப்பெயரை அப்படியே இடுங்கள். இரண்டு பெட்டி கட்டாயமாயின், அப்படிவத்தை அனுப்பியவருக்கு இரண்டு வரியில் மறுப்பு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும். ஐம்பது பள்ளிகளிலிருந்து போனால் படிவம் மாறும்.

பெற்றோர்களே! பிள்ளையின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியும், தமிழில் நீங்கள் எழுதும்படியும் இருவகையிலும் எழுதிப் பள்ளியில் கொடுங்கள். தமிழ் வடிவத்தை ஆசிரியரின் ஊகத்திற்கு விட்டுவிடாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "என் பிள்ளை செய்த வேலை எவர் கணக்கில் இருக்கிறது?" என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வியே பாதி மாற்றத்தைச் செய்துவிடும்.

தமிழ்ப்பள்ளியில் பயின்று இன்று மென்பொருள் எழுதும் முன்னாள் மாணவர்களே! உங்கள் பெயரும் இந்தப் பெட்டிகளில் நசுங்கியதே. நீங்கள் அமைக்கும் படிவத்திலாவது பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள், சாய்கோட்டை விலக்காதீர்கள், நீளத்தைக் குறுக்காதீர்கள், "உங்களை எவ்வாறு அழைக்க வேண்டும்?" என்று தனியே கேளுங்கள். அந்த ஒரு வினா இருந்தால், கவிதாவை முருகன் என்று எந்தத் திரையும் அழைக்காது.

தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளை முதலாம் ஆண்டில் முதன்முதலாக எழுதக் கற்பது தன் பெயரைத்தான். கோணல்மாணலாக எழுதினாலும் அது அவள் பெயர். ஆறாண்டுகள் கழித்து நாம் கொடுத்தனுப்பும் ஏட்டிலும் அப்பெயர் முழுமையாக இருக்கட்டும்.

சிந்திப்போம், செயற்படுவோம்!